மோட்டாரை நிறுத்திய பிறகு

எனக்கு மீன்பிடிக்கத் தெரியும் என்று இதுவரை எந்த மீனும் சாட்சி சொன்னதில்லை. தேனி பஜாரில் மோட்டார் உதிரிபாகம் விற்கிற கடை என்னுடையது. பெயர் வினோத்ராஜ். வைகை அணைக்குத் தூண்டில் போடப் போகிறவர்கள் நாலு பேர் கேட்டார்கள் என்று கடையின் ஒரு மூலையில் ராடு, ரீல், நைலான் நரம்பு எல்லாம் தொங்கவிட்டேன். பிறகு ரப்பர் மீன் வரவழைத்தேன். விரல் நீளம் இருக்கும், தொட்டால் குழகுழவென்று இருக்கும். வால் மட்டும் துடுப்பு மாதிரி. தண்ணீரில் மெதுவாக இழுத்தால் அந்த வால் உயிருள்ளது போல ஆடும். என் மனைவி ஜெபஷீலா முதல் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இத மீன் திங்கும்னு நம்பி நீங்க வாங்குனீகளா, நீங்க வாங்குவீகன்னு நம்பி அவன் செஞ்சானா?" என்று கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போது நான் ரப்பர் மீன்களோடு கிளம்பி நின்றேன். ஜெபஷீலா வாசல்வரை வந்தாள்.

"மீன் வருதோ வரலயோ, அண்ணங்கிட்ட கேக்க வேண்டியதக் கேட்டுட்டு வாங்க."

"கேக்குறேன்."

"கேக்குறேன்னு சொல்லிட்டுப் போயி ரெண்டு பேரும் சிரிச்சுப்புட்டு வருவீக. ரெண்டு மாசமாச் சபைக்கு வரல. போன வாரம் நா போயிருந்தப்ப காபி டம்ளர ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்சாக. கேட்டா குளிருதுங்குறாக. மே மாசத்துல போடியில யாருக்குங்க குளிரும்?"

"வயசாகுதுல்ல."

"உங்க வயசுதான அவுகளுக்கும்? நாளைக்குக் காலைல அத்தனை பொம்பளைகள ஏத்திக்கிட்டு மலை ஏறணும். அத நெனச்சுக்கங்க. ஜோக்கடிச்சுட்டு வராதீக."

அவள் அண்ணன் ஏசுதாசன் எனக்கு மச்சான் ஆவதற்கு முன்பே வகுப்புத் தோழன். போடியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கணக்கில் தோற்றவர்கள். அதனால் 'நீங்க' எல்லாம் எங்களுக்குள் கிடையாது. அவனுக்குச் சொந்தமாக ஒரு ஜீப் இருந்தது. திங்கள் முதல் சனி வரை, இருட்டு கலையும்முன் போடியில் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கொண்டுபோய் விடுவான். பொழுது சாயும்போது திரும்பக் கொண்டுவருவான். எங்கள் பக்கத்தில் எந்த ஜீப்புக்கு எந்தப் பெண்கள் என்பது கல்யாணம் போல, சுலபத்தில் மாறாது. யார் எங்கே உட்காருவது என்பதுகூட மாறாது. அவன் வண்டியில் முன்சீட்டு பாண்டியம்மாளுடையது. அவள்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. மலையடிவாரத்து முந்தல் தாண்டி முதல் வளைவில் வாயைத் திறந்தால் பூப்பாறையில்தான் மூடுவாள் என்று மச்சான் சொல்வான். இவ்வளவு பேச்சையும் கேட்டுக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு அரசாங்கம் தனிச்சான்று கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வேன். இப்படித்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். முக்கியமான எதையும் பேசிய ஞாபகமில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜீப் எங்கள் இரண்டு பேருக்கும்.

பூப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குள் ஏரி இருக்கிறது. எப்போதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட ட்ராவுட் மீன் அதில் உண்டு. குளிர்ந்த தண்ணீரில் மட்டுமே பிழைக்கும் மீன். ஒருமுறை அங்கே காவல்காரச் சேட்டனின் மனைவிக்கு இடுப்புவலி கண்டபோது மச்சான்தான் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அதிலிருந்து எஸ்டேட் படகு எங்களுக்குத் தடையில்லை. ஒரே நிபந்தனை, மண்புழு, இறால் என்று உயிர் இரை எதுவும் ஏரியில் போடக்கூடாது. ரப்பர் மட்டும்தான். என் வியாபாரத்தை ஆதரித்த ஒரே சட்டம் அது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏரிமேல் மூடுபனி கிடந்தது. சேட்டன் படகை அவிழ்த்துவிட்டு, "பதுக்கெ போயா மதி, கேட்டோ. வெள்ளம் குறவா, குற்றி உண்டு" என்றார். மெதுவாகப் போனால் போதும், தண்ணீர் குறைவு, அடிமரக்கட்டைகள் இருக்கின்றன என்று அர்த்தம். ஏரி கட்டுவதற்கு முன் அங்கே நின்ற மரங்களின் மிச்சம் அவை. கோடையில் தலை காட்டும்.

ட்ரோலிங் என்கிற இந்த வித்தையில் தெரிந்துகொள்ள அதிகமில்லை. ரப்பர் மீனை ஈயத்தலைக் கொக்கியில் கோத்துப் படகுக்குப் பின்னால் நீளமாக நரம்பு விட வேண்டும். பிறகு பேட்டரி மோட்டாரில் படகை நகர்த்த வேண்டும். வேகம் எவ்வளவு என்றால், சவப்பெட்டிக்குப் பின்னால் நடப்போமே, அவ்வளவு. அதைவிட வேகமாகப் போனால் ரப்பர் மீன் மேலே வந்துவிடும். நின்றால் அடியில் போய் மாட்டிக்கொள்ளும். நடுநடுவே பாம்பு போல வளைந்து போக வேண்டும். மற்றபடி ராடின் நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. ரப்பர் வால் சரியாக ஆடினால் நுனி மெல்லத் துடித்துக்கொண்டே இருக்கும். மீன் கடித்தால் சட்டென்று வளையும்.

மச்சான் பின்னால் உட்கார்ந்து இடது கையில் மோட்டார் பிடியை வைத்துக்கொண்டான். படகில் ராடு செருகும் குழாய் இரண்டு. ஒன்று உடைந்திருந்தது. என் ராடைக் குழாயில் செருகினேன். அவன் தன் ராடை வலது கையில் பிடித்து முழங்கால்மேல் சாய்த்துக்கொண்டான். நான் முன்பலகையில் அவனைப் பார்த்து உட்கார்ந்தேன். என் உடம்பின் அளவுக்கு நான் முன்னால் உட்கார்ந்தால் படகின் மூக்கு கொஞ்சம் தாழும். தாழ்ந்தது. அவன் அதற்கு வழக்கமாகச் சொல்லும் வசையைச் சொல்லவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவன் ராடின் நுனி படபடவென்று அடித்தது.

"மச்சான்! கடிக்குது!"

அவன் நுனியைப் பார்க்காமலே, "இல்ல மாப்ள" என்றான்.

"அடிக்குதுய்யா, இழு!"

"இழுத்தா ஒன்னும் இருக்காது."

சுற்றினான். ஒன்றும் இல்லை. ரப்பர் மீன் சிரித்த முகத்தோடு வந்தது. திரும்ப விட்டான். என் ராடின் நுனியும் துடித்தது, ஆனால் பொடிப்பொடியாக, தையல் மெஷின் மாதிரி. அவனுடையது வேறு மாதிரி. இரண்டாம் முறை கத்தினேன். மூன்றாம் முறையும் கத்தினேன்.

"ஏலே, நீ கத்துறதுல மீனெல்லாம் மூணாறுக்கே போயிருச்சு."

"உன் மோட்டார்தான் ஆட்டுது போல. அத நிறுத்து, பாப்போம்."

வேண்டாம் என்று தலையசைத்தான். நான் பிடிவாதக்காரன். உதிரிபாகக்காரனுக்கு அதிர்வு என்றால் காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். போல்ட் லூசா, வாஷர் போயிற்றா என்று. எழுந்து குனிந்து அவன் கைக்கு மேல் கை வைத்து மோட்டாரை அணைத்தேன். படகு மெல்லச் சறுக்கி நின்றது. ஏரியில் சத்தமே இல்லை. என் ராடின் நுனி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி ஓய்ந்தது.

அவனுடையது ஓயவில்லை.

நரம்பு தளர்ந்து தண்ணீரில் கிடந்தது. அதை இழுக்க மீனும் இல்லை, அலையும் இல்லை. நுனி மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. நான் நுனியிலிருந்து ராடு வழியாகப் பார்வையை இறக்கிக்கொண்டு வந்தேன். முழங்கால்மேல் அவன் கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது போல ஆடின. என்னைப் பார்த்துக்கொண்டே அந்தக் கையைத் தொடைக்கு அடியில் செருகினான். ராடு படகில் விழுந்தது.

வாயில் ஒரு ஜோக் தயாராக இருந்தது. அது என்னவென்று இப்போதுகூட ஞாபகம் இருக்கிறது. நல்ல ஜோக். சொல்லவில்லை.

"எத்தனை நாளா மச்சான்?"

"கிறிஸ்மசுக்கு முன்ன லேசா. இப்பக் கொஞ்சம் கூட."

"டாக்டரப் பாத்தியா?"

"மதுரையில ஒருத்தரு. நரம்புக்குப் பாக்குறவரு. ஒரு பேரு சொன்னாரு, இங்கிலீஷ்காரன் பேரு மாதிரி இருந்துச்சு. மாத்திரை குடுத்திருக்காரு. நிக்காதாம். மெதுவாகுமாம்."

"வண்டி ஓட்டலாமுன்னாரா?"

"நா என்ன தொழில் செய்றேன்னு அவரு கேட்டாரு." தண்ணீரைப் பார்த்தான். "தோட்டத்துல கணக்குப் பிள்ளைன்னுட்டேன்."

பனிக்குள் எங்கேயோ ஒரு பறவை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது.

"சபைக்கு ஏன் வரலன்னு ஒன் தங்கச்சி கேக்கச் சொன்னா."

"திருவிருந்து எடுக்கையில அந்தச் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் இருக்குல்ல. முழங்கால்ல நிக்கிறேன், கையில குடுக்குறாக. வாய்க்குப் போறதுக்குள்ள பாதித் திராட்சை ரசம் சட்டையில. வெள்ளைச் சட்டை வேற. பக்கத்துல நின்ன பெருசு நா குடிச்சுட்டு வந்திருக்கேன்னு நெனச்சுருச்சு. மூஞ்சியத் திருப்பிக்கிச்சு." சிரிக்கப் பார்த்தான். "குடிச்சாலாவது ஒரு நியாயம்."

"அப்ப நாளைக்கு வண்டி?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல நிமிர்ந்தான்.

"அதுதான் மாப்ள விசயம். சும்மா இருந்தாத்தான் ஆடுது. ஸ்டியரிங்கப் பிடிச்சா நின்னுரும். சத்தியமா. இங்கன பாரு." தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து மோட்டார் பிடியை இறுகப் பற்றினான். ஆட்டம் நின்றுவிட்டது. "பாத்தியா? வண்டில ஏறுனா நா பழைய ஏசுதாசன். ஒரு வளைவு பிசகல."

உண்மைதான். கை கல் மாதிரி இருந்தது. அன்று காலை அதே கையை நம்பித்தான் அத்தனை வளைவும் ஏறி வந்திருந்தேன், அரைத் தூக்கத்தில், வாயைத் திறந்துகொண்டு. எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி கிடைத்தால் உடனே எடுத்துக்கொள்வது என் சுபாவம், ரசீதுகூடக் கேட்கமாட்டேன்.

மோட்டாரைப் போட்டான். மறுபடி நகர்ந்தோம். இப்போது அவன் கையை ஒளிக்கவில்லை. ராடு ஆடிக்கொண்டே வந்தது. ஏரியின் ஆழமான ஓரத்தில், யூகலிப்டஸ் நிழல் விழும் இடத்தில், அந்த ஆடும் ராடு சட்டென்று வளைந்து தண்ணீரைத் தொட்டது.

"இப்பக் கத்துடா!" என்றான் மச்சான்.

கத்தினேன். ரீல் கிறீச்சிட்டது. நான் வலையை எடுக்கப் போய், காலில் மாட்டி, வலைக்குள் என்னையே பிடித்துக்கொண்டேன். அவன் சிரித்துச் சிரித்துச் சுற்றினான். கடைசியில் மீன் படகுக்கு வந்தது. முழங்கை நீளம், உடம்பெல்லாம் மிளகு தூவினாற்போலப் புள்ளி, பக்கவாட்டில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. என் ராடு பக்கத்திலேயே உபவாச ஜெபத்தில் இருந்தது.

"பாத்தியா மாப்ள? ஒன் ரப்பருக்கு உசிரு குடுக்குறதே இந்தக் கைதான். இனிமே ஒரு பாக்கெட் வாங்குனா ஏசுதாசன் கை இலவசம்னு கடையில எழுதிப் போடு."

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஜெபஷீலா சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது.

சிரித்துக்கொண்டே வியர்வையைத் துடைக்கத் திரும்பியபோதுதான் முன்னால் பார்த்தேன். கறுப்பாக ஒரு அடிமரம். தண்ணீருக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டு, எங்கள் மூக்குக்கு நேராக. தூரம் இருந்தது. பயப்படத் தேவையில்லாத தூரம்.

"மச்சான், கட்டை."

"தெரியுது" என்றான்.

அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு முன்பே பார்த்திருக்கிறான். மோட்டார் பிடி இடது கையில்தான் இருந்தது, ஆடாத கையில். பிடியைக் கொஞ்சம் தள்ளினால் போதும்.

"மச்சான், திருப்பு."

"திருப்புறேன்."

வாய் சொன்னது. கை கேட்கவில்லை. ஆடவும் இல்லை, அசையவும் இல்லை. அவன் தன் கையை ஒரு வேலைக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தான். கூப்பிட்டாயிற்று, இதோ வந்துவிடுவான் என்பது போல. கட்டை நெருங்கிக்கொண்டே வந்தது. சவ ஊர்வல வேகம்தானே, எல்லாவற்றையும் தெளிவாகப் பார்க்க முடிந்தது. கடைசியில் கை அசைந்து பிடியைத் தள்ளியது. அப்போது மோதியாயிற்று.

பெரிய மோதல் இல்லை. படகு ஒரு முட்டு முட்டி ஒதுங்கியது. நான் பலகையிலிருந்து சரிந்து மீன்மேல் உட்கார்ந்தேன். மீன் ஒருமுறை துள்ளியது, மன்னிப்புக் கேட்டேன். மச்சான் சிரிக்கவில்லை. நானும்தான்.

இந்த வேகத்திலேயே இப்படி என்று என் மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. எவ்வளவு தடுத்தும் நிற்கவில்லை. கை ஆடுவது பெரிய விஷயமில்லை. அதை ஊரே பார்க்கும். இந்தத் தாமதத்தை யார் பார்ப்பார்கள்? எதிரே பஸ் வரும், 'தெரியுது' என்பான், கால் பிரேக்குக்குப் போகும், போய்ச் சேருவதற்கு முன்னால் வளைவு முடிந்துபோகும். பின்னால் தூக்குவாளிகளைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர். ஓயாமல் பேசிக்கொண்டு முன்சீட்டில் பாண்டியம்மாள்.

கரைக்கு வந்தோம். மீனைச் சேட்டனுக்குக் கொடுக்கப் போனால் அவர் வாங்கவில்லை. பையில் போட்டுக்கொண்டோம். ஜீப்பில் ஏறினோம். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை நின்றது. அதை எனக்குக் காட்டுவது போல ஒருமுறை பார்த்தான்.

போடிமெட்டில் டீக்கடைக்காரர் கை காட்டினார். மச்சான் நிறுத்தவில்லை. கீழே போடி சமவெளி வெயிலில் கிடந்தது. முதல் வளைவு வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். முதல் வளைவு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் கீழிருந்து ஒரு பஸ் ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினான். ஒரு நொடி தாமதம்தான். பஸ்காரர் நீளமாக ஹாரன் அடித்து, ஜன்னல் வழியே கையை விரித்து, "ஏப்பா, தூங்குறியா?" என்றார்.

"மச்சான்."

"ம்."

"நாளைக்குக் காலைல ஒன் தங்கச்சிய அனுப்பி வைக்கிறேன். பூப்பாறையில அவளுக்கு ஒரு சோலி இருக்கு."

"என்ன சோலி?"

"என்னமோ ஒரு சோலி. முன்சீட்டுல உக்கார வச்சுக் கொண்டுபோயி விடுவியா?"

அடுத்த வளைவு வந்தது. திருப்பினான். பாறையிலிருந்து தண்ணீர் கசிகிற அகலமான இடத்தில் ஓரம் கட்டி நிறுத்தினான். என்ஜினை அணைத்தான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்ததும் அது மறுபடி ஆரம்பித்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மாட்டேன்" என்றான்.

"ஏன்?"

"மாட்டேன்னு சொல்லிட்டேன்ல." அந்தக் கையை மறு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஷீலாவ ஏத்தமாட்டேன். பாண்டியம்மாள ஏத்துறேன். இருளம்மாள ஏத்துறேன். நா என்ன மனுசன் மாப்ள?" என்றான்.

அவன் அழுதானா என்று நான் பார்க்கவில்லை. எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டேன். அதற்குத்தான் மலையில் இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது.

பிறகு அவன் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து என் பக்கக் கதவில் நின்றான். "நகரு. நீ ஓட்டு."

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. அதை வாங்கும்போது எட்டுப் போட்டதோடு சரி. அந்த எட்டும் ஆறு மாதிரி இருந்தது. தேனிக்குள் ஸ்கூட்டர் ஓட்டினாலே எதிரே வருகிறவர்கள் ஜெபிப்பார்கள். ஆனாலும் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"செகண்டுலயே விடு. பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்காத, சூடாயிரும். பயமா இருக்கா?"

"ரொம்ப."

"எனக்கும் ஆறு மாசமா அப்படித்தான்."

அன்று மலையிறங்கிய வண்டிகளில் எங்களுடையதுதான் கடைசி. மாடுகூட முந்திக்கொண்டு போயிருக்கும், வந்திருந்தால். பின்னால் வரிசை கட்டிய கார்களெல்லாம் என் பரம்பரையை விசாரித்தன. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தான். முந்தல் வந்தபோது என் சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு நிறையும்.

அவன் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்திச் சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீ வச்சுக்க. வேற சாவி கெடையாது, அது எப்பவோ தொலைஞ்சு போச்சு. நாளைக்குக் காலைல வந்து கேப்பேன் மாப்ள. குடுக்காத."

"நீயே சொல்லிட்டு நீயே எதுக்குக் கேக்குற?"

"கேப்பேன். எனக்கு என்னையத் தெரியும்ல. திட்டினாலும் குடுக்காத."

சாவியோடும் மீனோடும் பஸ் ஏறித் தேனிக்கு வந்தேன். ஜெபஷீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் சிரிக்கும்படி ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டே அந்த மீனைப் புளிக்குழம்பில் போட்டாள். தூரதேசத்து மீனுக்கு எங்கள் வீட்டுப் புளி ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை விடியும்முன் கேட் ஆடியது. கொண்டியைத் திறக்கும் சத்தம் இல்லை, ஆடும் சத்தம் மட்டும். போடியிலிருந்து மச்சான் முதல் பஸ்ஸில் வந்திருந்தான். சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு, வேலைக்குப் போகிற முகம்.

"சாவியக் குடு மாப்ள."

"மச்சான், நேத்து..."

"நேத்துப் பேசுனது நேத்தோட. ராவு மாத்திரை போட்டேன், நல்லாக் கேக்குது. இந்தா பாரு." கையை நீட்டினான். நல்ல வெளிச்சம் இல்லை. இருந்தும் தெரிந்தது. "பொம்பளைக அங்கன ரோட்டுல நிப்பாக. ஒரு நா போகலைன்னா அவுகளுக்கு ஒரு நாச் சம்பளம் போச்சு. குடு."

"தரமாட்டேன்."

"ஏலே, கடையில உக்காந்து வாஷர் விக்கிற பய, எனக்கு நீ சொல்றியா? இருவது வருசமா அந்த ரோட்டுல ஒரு ஆட்டுக்குட்டியக்கூட இடிச்சதில்லடா நா!"

"தெரியும்."

"அப்பக் குடு!"

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கை அதன்மேல் போனது. எடுத்துக் கொடுத்துவிட்டால் இந்த முகத்தை இனிமேல் பார்க்க வேண்டியதில்லை என்று தோன்றியது. அவ்வளவு கெஞ்சுகிற முகம், திட்டுகிற வாயோடு. நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம் ஒன்றுமே சொல்லாமல் நின்றதுதான்.

"அண்ணே, உள்ள வாங்க" என்றாள் ஜெபஷீலா. பெரிய சொம்பு ஒன்றில் காபியை அடியில் கொஞ்சமாக ஊற்றிக் கொண்டுவந்திருந்தாள், எப்படி ஆடினாலும் சிந்தாத அளவுக்கு. அவன் அந்தச் சொம்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். உள்ளே வந்து உட்கார்ந்தான். திட்டு எல்லாம் அவனைவிட்டு இறங்கிப்போயிற்று.

அவன் போன் அடித்தது. எடுத்து மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். காதில் வைத்தால் அது காதில் நிற்காது போல.

"அண்ணே, எங்கன இருக்க? எல்லாரும் நிக்கிறோம்." பாண்டியம்மாள்.

"இன்னிக்கு வண்டி எடுக்கல ஆத்தா."

"என்னாச்சு?"

"உடம்புக்குச் சரியில்ல. கொஞ்சம் காச்ச மாதிரி..."

அந்தப் பக்கம் பெண்கள் பேச்சும் ஒரு நாய் குரைப்பும் மட்டும் கேட்டது.

"கையாண்ணே?" என்றாள்.

மச்சான் போனையே பார்த்தான்.

"பக்கத்துல உக்காந்து வாரவளுக்குத் தெரியாதா? வண்டி நிக்கிற நேரமெல்லாம் கையத் தொடைக்கு அடியில வச்சுக்கிருவ."

"தெரிஞ்சா ஏன் ஆத்தா ஏறுன?"

"ஏறாம? மத்த வண்டில இருளம்மாள ஏத்தமாட்டேங்குறாக, வாந்தி எடுக்குதுன்னு. நீதான் நிப்பாட்டி நிப்பாட்டிக் கூட்டிட்டுப் போவ. அதான் கண்ண ரோட்டுல வச்சுக்கிட்டு வாய ஓயாம பேசிக்கிட்டே வந்தேன். பேச்சு நின்னா ஒனக்குக் கையுங் காலும் நின்னுரும்ணே. நீ பாக்கலயா?"

அவன் பார்த்திருக்கவில்லை. நானும்தான். அவள் பேச்சை வைத்து எத்தனை ஜோக் அடித்திருக்கிறேன்!

"சரி விடு. அந்தா அம்மாவாசி வண்டி வருது. கைகாட்டி ஏறிக்கிறோம். நீ மாத்திரையத் தின்னுட்டுப் படு."

"ஆத்தா, இரு. அம்மாவாசி வேண்டாம். வளைவுலயும் ஆக்சிலேட்டர மிதிப்பான் அவன். ஆத்தா..."

வைத்துவிட்டாள்.

மச்சான் எழுந்தான். போக இடமில்லாமல் மறுபடி உட்கார்ந்தான். "அந்தப் பய எறக்கத்துல நியூட்ரல்ல விடுவான் மாப்ள. எனக்குத் தெரியும். நானாவது மெதுவாத்தான்..." என்றான். முடிக்கவில்லை. சட்டைப் பையில் சாவி ஒரு கல் போலக் கிடந்தது. நான் செய்தது சரிதானா என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால், கடையைத் திறக்க வேண்டும் என்று சொல்லி எழுந்து ஓடியிருப்பேன்.

யாரும் கேட்கவில்லை. கடையையும் திறக்கவில்லை. மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெபஷீலா உதடு மட்டும் அசைய ஜெபித்தாள். மச்சான் மனதுக்குள் வளைவு வளைவாக ஏறிக்கொண்டிருந்தான். தலை லேசாக இடதும் வலதும் சாய்வதிலிருந்து எந்த வளைவு என்றுகூட எனக்குத் தெரியும் போலிருந்தது.

வெயில் ஜன்னலுக்கு வந்த பிறகு போன் அடித்தது.

"சேந்துட்டோம்ணே. இருளம்மா வழியெல்லாம் வாந்தி, அந்தப் பய நிப்பாட்டவே இல்ல. நா போட்ட சத்தத்துல பாதி மலைக்குக் கேட்டிருக்கும். வைக்கிறேன், கங்காணி கூப்புடுறாரு."

மச்சான் மூச்சை விட்டான். மறந்துபோய் வலது கையை மேஜைமேல் வைத்திருந்தான். அது ஆடியது. மேஜைமேல் இருந்த கரண்டியும் சேர்ந்து சன்னமாகச் சத்தம் போட்டது. யாரும் கரண்டியை நகர்த்தவில்லை. அவனும் கையை எடுக்கவில்லை.

"சாயங்காலம் அவுகள எறக்கணும்ல" என்றான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "அப்பவும் கேப்பேன் மாப்ள. குடுக்காத."